ஏலிக்குட்டி வீட்டுச் சாயா

பிரிஜீத்தா கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுத்துணியால் கட்டினாள். முடிச்சைப் பார்த்தாள். பிடிக்கவில்லை. அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினாள். நர்ஸிங் படித்த காலத்திலேயே அவள் போடும் முடிச்சு தளர்ந்துபோகும் என்று ஏலிக்குட்டி கேலி செய்வாள். இன்று கட்டிலில் கிடப்பது அந்த ஏலிக்குட்டிதான். அவள் உடம்பில் தளர்ந்த முடிச்சு ஒன்று இருக்கக் கூடாது.

தாடையைத் தூக்கித் தலையைச் சுற்றி ஒரு கட்டு. மூடிய இமைகளின் மேல் நனைத்த பஞ்சு. வெந்நீரில் துடைத்த உடம்புக்கு வெள்ளைச் சட்டையும் முண்டும். அடுத்த வீட்டு ராதாமணி பாத்திரத்தை ஏந்திக்கொண்டு விசும்பினாள்.

"அழறதுன்னா அதைக் கீழ வச்சுட்டு அழு. தண்ணி தளும்புது" என்றாள் பிரிஜீத்தா.

"எப்பவும்போல கோயில் மணி அடிச்சதும்தான் வந்தேன் சேச்சி. அடுப்புல தண்ணி கொதிச்சுட்டிருக்கு. இவங்க கதவோரம் சாஞ்சு உட்கார்ந்திருக்காங்க. தூங்கிட்டாங்களோன்னு நினைச்சேன். ஏலிக்குட்டி சிஸ்டர் உட்கார்ந்து தூங்கி யாரு பார்த்திருக்கா?"

"அப்புறம் என்ன பண்ணினே?"

"கத்தினேன். டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். அப்புறம்..." ராதாமணி தயங்கினாள். "உள்ள போய் டோமிச்சனைத் திருப்பிப் போட்டேன். மணி அடிச்சாச்சே."

பிரிஜீத்தா தலையாட்டினாள். அவள் அதைத்தான் கேட்க நினைத்திருந்தாள்.

உள்ளறையிலிருந்து ஏலிக்குட்டியின் மகன் டோமிச்சனின் குரல் வந்தது. "ஆன்ட்டி! அம்மச்சியோட கண்ணாடியைப் போட்டு விட்டீங்களா?"

"செத்தவளுக்குக் கண்ணாடி எதுக்குடா?"

"அது இல்லாமப் போனா மோட்ச வாசல்ல நிக்கிற பேதுருவையே 'நீ யாரு, எந்த வார்டு'ன்னு கேட்டுடும்."

ராதாமணி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். பிரிஜீத்தா கண்ணாடியைத் துடைத்துக் கட்டிலோரம் வைத்தாள். பெட்டியில் வைக்கும்போது போட்டுவிட வேண்டும்.

பிரிஜீத்தாவும் ஏலிக்குட்டியும் ஒரே ஆண்டில் மிஷன் ஆஸ்பத்திரியில் படிக்கச் சேர்ந்தவர்கள். ஏலிக்குட்டி குள்ளம். குளுக்கோஸ் பாட்டிலை மாட்ட ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளிக்கொண்டே வார்டு முழுக்கப் போவாள். அரசாங்க வேலை கிடைத்து, மலையோர ஆஸ்பத்திரிகளில் மாற்றி மாற்றிப் போட்டார்கள். எங்கே போட்டாலும் அவள் பழக்கம் ஒன்றுதான். நோயாளியின் முகத்தைப் பார்க்குமுன் போர்வையை விலக்கி முதுகைப் பார்ப்பாள். 'நல்லா இருக்கேன்'னு முகம் சொல்லும், முதுகுகிட்ட கேட்டாத்தான் தெரியும் என்பாள். முதுகில் புண் கண்டால் அன்றைய ட்யூட்டி நர்ஸ் யாராயிருந்தாலும் தொலைந்தாள்.

மத்தாயியைக் கட்டிக்கொண்டாள். கொஞ்சம் ரப்பர் தோட்டம், கோயில் பாட்டுக்குழுவில் பெரிய குரல், வேறு குறையில்லை. இரண்டு பிள்ளைகள், டோமிச்சனும் பின்ஸியும். ராத்திரி ட்யூட்டி முடிந்து வந்து கப்பைக்கிழங்கை வேகவைத்து, பின்ஸிக்குத் தலை பின்னி, இருவரையும் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு ஒரு காதைத் திறந்துவைத்தபடி தூங்குவாள். கொஞ்சுகிற தாய் இல்லை. காய்ச்சல் வந்தால் தொட்டுப் பார்ப்பாள், காய்ச்சல் விட்டதும் தொடமாட்டாள்.

டோமிச்சன் கல்லூரி முடித்த கோடையில் பலா மரத்திலிருந்து விழுந்தான். கழுத்தெலும்பு. தோளும் முழங்கையும் தப்பின, மற்ற உடம்பில் அசைவும் உணர்வும் போயின. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஏலிக்குட்டியைத் தனியாக அழைத்துப் படுக்கைப் புண்ணைப் பற்றிச் சொன்னார். இப்படிப்பட்டவர்கள் கடைசியில் அதில்தான் போகிறார்கள் என்றார். அவள் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரி ஏலத்தில் சக்கரம் வைத்த கட்டில் ஒன்றை வாங்கினாள். அன்றிலிருந்து அவளும் மத்தாயியும் மகனை இடப்பக்கம், வலப்பக்கம், மல்லாக்க என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகு அதுவே அவளுக்கு முழுநேர வேலை.

மத்தாயி இறந்தபோதுதான் சிக்கல் வந்தது. டோமிச்சன் ஆறடி ஆள். அவள் தோள் உயரம் அவன் இடுப்பைத் தாண்டாது. ஆனால் அவள் வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருவருக்குப் பிரஷர் பார்க்க வேண்டும், ஒருவருக்குத் தையல் பிரிக்க வேண்டும், ஒருத்திக்குக் குழந்தை பால் குடிக்க மாட்டேன் என்கிறது. ஏலிக்குட்டி வாசலிலேயே நிறுத்துவாள். "கையைக் கழுவு. முதல்ல டோமிச்சனைத் திருப்பு. அப்புறம் உன் கதையைக் கேட்கிறேன். அப்புறம் சாயா."

அது அந்த வீட்டுச் சட்டமாகிவிட்டது. விடியற்கால மணிக்கு ராதாமணி. பள்ளிக்கூட மணிக்கு அங்கன்வாடிக்குப் போகிற யாராவது. பள்ளிவாசலில் நடுப்பகல் வாங்கு கேட்டால் ஆட்டோ ஓட்டும் ஷுக்கூர், தொழுகைக்குப் போகிற வழியில். சாயங்காலம் மலைக்கு ஏறும் பஸ், கடைசியாக இறங்கும் பஸ். கடிகாரம் யாரும் பார்ப்பதில்லை. புதிதாக வந்த விகாரியச்சன்கூட வீட்டை ஆசீர்வதிக்க வந்த நாளில் அங்கியின் கையை மடித்துவிட்டு இடுப்பைப் பிடித்தார். சாயாவில் சர்க்கரை கம்மி என்றார். "ஜெபத்துல போட்டுக்கங்க அச்சா" என்றாள் ஏலிக்குட்டி.

ஒருவர்தான் அந்தச் சட்டத்துக்கு உட்படாதவர். மத்தாயியின் அண்ணன் ஔசேப்பு. பிள்ளைகளுக்குப் பேரப்பன். இடுப்பு வலி என்பார். அதனால் தம்பி வீட்டில் இத்தனை காலமும் அவருக்குக் கிடைத்தது சீரகத் தண்ணீர் மட்டும்.

டோமிச்சனும் சும்மா கிடக்கவில்லை. தலைமாட்டில் ஃபோனை ஸ்டாண்டில் நிறுத்தி, விரல் முட்டியால் தட்டி, ஆட்டோ ஸ்டாண்டு முழுவதையும் அவன்தான் ஓட்டினான். யாருக்கு வண்டி வேண்டுமானாலும் அவனைக் கூப்பிடுவார்கள். எந்த மேட்டுக்கு எந்த ஆட்டோ ஏறும், எந்த டிரைவர் எந்தக் கிழவியோடு சண்டையில் இருக்கிறான் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

பின்ஸி மறுநாள் விடியலில் குவைத்திலிருந்து வந்து சேர்ந்தாள். அங்கே பள்ளிக்கூட டீச்சர். அம்மாவின் நெற்றியில் முத்தமிட்டாள், குளித்தாள், நேராகச் சமையலறைக்கு வந்து பிரிஜீத்தாவிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"ஆன்ட்டி, பாலா ஊருக்கு அந்தப் பக்கம் கன்னியர் மடத்துல ஒரு இல்லம் இருக்கு. இந்த மாதிரி ஆளுங்களுக்கு. விமான நிலையத்துலேர்ந்தே எல்லார்கிட்டயும் ஃபோன்ல பேசிட்டேன். நாளைக்குக் காலையில வண்டி வரும். பேரப்பனுக்கும் சம்மதம்."

"டோமிச்சனுக்கு?"

"உன் இஷ்டம்ங்கிறான்."

"அவன் அப்பா மாதிரி. இஷ்டம் இல்லாத எல்லாத்துக்கும் உன் இஷ்டம்னுதான் சொல்வான்."

பின்ஸி அடுப்புத் திண்டில் சாய்ந்தாள். "அப்ப நீங்களே சொல்லுங்க. நான் இங்க வந்து உட்கார முடியாது. எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க. யாரு அவனைத் திருப்புவா? நீங்களா? உங்க முட்டியை வச்சுக்கிட்டா?"

பிரிஜீத்தா முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். அவள் இரண்டு வீடு தள்ளித் தனியாக இருப்பவள். முழங்கால் தேய்ந்து, கோயில் படி ஏறவே கைப்பிடி வேண்டும்.

"எனக்கு ரெண்டாவது பிரசவம் ஆனப்ப அம்மச்சி வரலை" என்றாள் பின்ஸி. "இவனை விட்டுட்டு வர முடியாதுன்னுட்டாங்க. லேகியம் கிண்டி, டப்பாவைச் சுத்திப் பிளாஸ்திரி ஒட்டி அனுப்பி வச்சாங்க. பிரிக்கவே கத்தி தேவைப்பட்டுது. நான் குறை சொல்லலை. அவங்களால மட்டும்தான் முடிஞ்சுது, அவங்க போயாச்சு. அவ்வளவுதான்."

"லேகியம் சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"ரெண்டு ராத்திரி அதைக் கிளறினது நானும் அவளும்தான். டோமிச்சன் பக்கத்துல இருந்து 'இன்னும் நெய், இன்னும் நெய்'னு கத்திட்டிருந்தான்" என்றாள் பிரிஜீத்தா. வாசலில் நாற்காலிகள் வந்து இறங்கின.

குளிர்பெட்டியை முன்னறை நடுவில் வைத்திருந்தார்கள். இறந்த தாயின் தலைமாட்டில் மூத்த மகன் உட்கார வேண்டும். அது அங்கே எல்லார் வீட்டிலும் உள்ளது. டோமிச்சனின் சக்கர நாற்காலி பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் நுழையவில்லை. ஔசேப்பு தன் வீட்டிலிருந்து கைவைத்த ஈட்டிமர நாற்காலியைக் கொண்டுவரச் செய்தார். நாலு பேர் டோமிச்சனைத் தூக்கி அதில் வைத்தார்கள். சாயாமலிருக்க மார்பைச் சுற்றி ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினார்கள். வீடியோக்காரன் குவைத்துக்கும் அமெரிக்காவுக்கும் நேரடியாக அனுப்பிக்கொண்டிருந்தான்.

"இது பலகை. அவனுக்கு அடியில மெத்தை இல்லை" என்றாள் பிரிஜீத்தா.

"ஒரு நாள்தானே பிரிஜீத்தே" என்றார் ஔசேப்பு. "தாய் தலைமாட்டுல மகன் இல்லைன்னா ஊர் என்ன பேசும்?"

"ஊர் பேசினாப் பேசட்டும். தோல் பேசக் கூடாது."

"ஆன்ட்டி, விடுங்க" என்றான் டோமிச்சன். முகம் வெளிறியிருந்தது. "இன்னிக்கு மட்டும். அம்மச்சி பக்கத்துல நிமிர்ந்து உட்கார்ந்துக்கிறேன்."

அதற்கு மேல் அவள் என்ன சொல்வது? ஒரு தலையணையை அவனுக்கு அடியில் செருகப் பார்த்தாள். அதற்குள் ஜெபம் தொடங்கிவிட்டது. ஒரு பாட்டு முடிந்து வந்து, கட்டிலுக்குப் போகலாமா என்று கேட்டாள். அடுத்த பாட்டு முடியட்டும் என்றான். அவனுக்கு வலி தெரியாது. வலி தெரிந்தால் அவனே தூக்கச் சொல்லுவான்.

விகாரியச்சன் புத்தகத்தைப் பிரித்து நீட்டி வாசித்துக்கொண்டிருந்தார். அப்போது ஆற்றுக்கு அக்கரையிலிருந்து நடுப்பகல் வாங்கு கேட்டது.

முற்றத்தில் ஒரு சலசலப்பு. பந்தலுக்கடியில் நின்ற ஷுக்கூர் தன்னையறியாமல் குழாயடிக்குப் போய்க் கை கழுவினான். ராதாமணி எழுந்துவிட்டாள். பால்காரர் எழுந்தார். கழுவின கையைத் தூக்கிப் பிடித்தபடி ஷுக்கூர் வாசற்படியில் வந்து நின்றான்.

"வாங்கு கேட்டாச்சு" என்றான், யாரைப் பார்த்தும் இல்லாமல்.

"அச்சன் ஜெபம் பண்றார், கண்ணு தெரியலையா?" என்று ஔசேப்பு பல்லைக் கடித்தார்.

"தெரியுது பேரப்பா. சிஸ்டருக்கும் தெரியும். பெட்டிக்குள்ளேர்ந்து என்னைத்தான் முறைக்குது, கண்ணாடி வேற போட்டிருக்கு."

டோமிச்சன் குனிந்து சிரித்தான். சிரித்தபோது அவன் தலை தொங்கியது. மறுபடி தூக்க முடியவில்லை. பிரிஜீத்தா முட்டியை மறந்து எழுந்தாள்.

"கட்டிலைத் தள்ளிட்டு வாங்க. பெட்டிக்குப் பக்கத்துல. நாற்காலியெல்லாம் வெளிய எடுங்க. தலைமாட்டுல மகன் இருக்கணும்னுதானே? படுத்துட்டு இருப்பான்."

"செத்தவளுக்குப் பக்கத்துல உயிரோட இருக்கிறவனைக் கட்டில்லயா?" ஔசேப்பு கையை உதறினார். "என்ன பழக்கம் இது!"

"இந்த வீட்டுப் பழக்கம்" என்றார் விகாரியச்சன். புத்தகத்தைக் கோயில்காரன் கையில் கொடுத்துவிட்டு அங்கியின் கையை மடித்தார். "நான் இடுப்பு. எண்ணட்டுமா?"

ஒன்று, இரண்டு, மூன்று. பெட்டியோடு ஒட்டி நின்ற கட்டிலுக்கு அவனைத் தூக்கி மாற்றினார்கள். ஷுக்கூர் தோள், அச்சன் இடுப்பு, பால்காரர் கால். இடப்பக்கமாகச் சாய்த்தார்கள். ராதாமணி முழங்கால்களுக்கு நடுவே தலையணையை வைத்து, கீழ்த் தோளை ஒரு விரற்கடை முன்னே இழுத்துவிட்டு, விரிப்பின் சுருக்கத்தை நீவினாள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. டோமிச்சனின் முகம் இப்போது அம்மாவின் முகத்துக்கு நேராக இருந்தது. நிறம் திரும்பிற்று.

பின்ஸி சுவரோரம் நின்று பார்த்தாள். உதவிக்கென்று ஒரு தலையணையைத் தூக்கி வைத்திருந்தாள். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் மார்போடு பிடித்துக்கொண்டே நின்றாள். அந்த அறையில் அது தெரியாதவர்கள் இருவர்தான், அவளும் பேரப்பனும்.

பிற்பகலில் பெட்டியை எடுத்தார்கள். கட்டிலில் கிடந்தபடியே டோமிச்சனைச் சாய்த்துப் பிடித்து அம்மாவுக்கு முத்தம் கொடுக்க வைத்தார்கள். முகத்தை மூடும் துணியைப் பின்ஸியிடம் கொடுக்கச் சொன்னான். "நீ மூடு. சிமித்தேரியில நான் இருக்க மாட்டேன். காத்துல பறக்காம மூடு." அவள் அப்படியே செய்தாள்.

அடக்கம் முடிந்து வந்து எல்லாரும் கஞ்சியும் பயறும் குடித்தார்கள். மலைக்கு ஏறும் பஸ் ஹாரன் அடித்தது. அப்போது பிரிஜீத்தா டோமிச்சனின் வேட்டியை விலக்கி, டார்ச் அடித்துப் பார்த்தாள். உட்காரும் எலும்பின் மேல் ஒரு சிவப்பு. உள்ளங்கையளவு இல்லை, ஆனாலும் சிவப்பு. விரலால் அழுத்தினாள். எடுத்தாள். மறுபடி அழுத்தினாள்.

"என்ன ஆன்ட்டி?" பின்ஸி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"உன் கையைக் கொடு." பின்ஸியின் முன்கையை அழுத்திக் காட்டினாள். "பாரு. அழுத்தினா வெளுக்குது, விட்டா ரத்தம் திரும்புது. இவனுக்கு வெளுக்கலை. தோலுக்கு அடியில நசுங்கியிருக்கு."

"புண்ணு இப்படித்தான் ஆரம்பிக்குமா?"

"இப்படித்தான். இல்லை, இப்படியே போயும் போகலாம். அந்தப் பக்கம் பாரம் படக் கூடாது. காலையில தெரியும்."

பின்ஸி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "ஒரே ஒரு நாள். அம்மச்சி போன மறுநாளே."

"அவ இருந்தா உன் பேரப்பனையும் நாற்காலியையும் சேர்த்து ரோட்டுல நிறுத்தியிருப்பா. நான் நிறுத்தலை. இனிமே நிறுத்துவேன்."

"டோமிச்சா" என்றாள் பின்ஸி. "உன் இஷ்டம்னு சொல்லாதே. உனக்கு என்ன வேணும்? நேராச் சொல்லு."

டோமிச்சன் கூரையைப் பார்த்தான். "அந்த மடத்துல ஃபோன் வச்சுக்க விடுவாங்களான்னு கேட்டேன். சாயங்காலம் வாங்கி வச்சுடுவாங்களாம். சாயங்காலம்தான் எனக்கு சவாரி அதிகம். எனக்கு இங்க வேலை இருக்குடி. அதுதான்."

"அதை அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"நீ குவைத்துலேர்ந்து அழுதுட்டு வந்திருக்கே. உங்கிட்டப் போய் ஆட்டோ ஸ்டாண்டைப் பத்திப் பேசச் சொல்றியா?"

பின்ஸி டீச்சர் குரலில் பேசினாள். "சரி. இத்தனை பேர் இருக்காங்க, பார்த்தேன். ஆனா பார்த்தது போதாது. காலையில அந்த இடம் வெளுத்தா நீ இங்கயே இரு. வெளுக்கலைன்னா வண்டி வரட்டும். அங்க முழுநேரமும் நர்ஸ் இருக்காங்க."

"நியாயம்" என்றான் டோமிச்சன்.

"நியாயம்தான்" என்றாள் பிரிஜீத்தா. "வெளுத்தா நான் இந்த வீட்டுக்கே வந்துடறேன். அந்த முன்கட்டு அறை போதும். எனக்கு முட்டிதான் போச்சு, வாய் போகலை. திருப்புறதுக்குக் கை இருக்கு. கத்துறதுக்குத்தான் ஆள் வேணும்."

கடைசி பஸ் இறங்கினபோது ஷுக்கூர் வந்தான். அதற்குப் பிறகு யார் எழுந்தார்கள், யார் தூங்கினார்கள் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. சிவந்த இடம் மட்டும் ஒருமுறையும் படுக்கையில் படவில்லை.

மறுநாள் காலை கோயில் மணி அடித்தது. ராதாமணி கை கழுவிக்கொண்டு வந்தாள். பிரிஜீத்தா டார்ச்சை எடுத்து பின்ஸியிடம் கொடுத்தாள்.

"நீயே அழுத்து."

பின்ஸி விரலை வைத்தாள். அழுத்தினாள். எடுத்தாள். விரல் பட்ட இடம் வெள்ளையாக, நகத்தளவு வட்டமாக நின்றது. பிறகு மெல்லச் சிவந்தது. நம்பாமல் மறுபடி அழுத்தினாள்.

"போதும்டி, மாவு பிசையறியா?" என்றான் டோமிச்சன். "உனக்கு என்ன தெரியுது, எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே. சொல்லித் தொலை."

"வெளுக்குது" என்றாள் அவள். முற்றத்துக்குப் போய் மடத்துக்கு ஃபோன் செய்தாள். வண்டி வேண்டாம், மன்னிக்கணும், ஆள் இருக்காங்க, நிறையப் பேர் இருக்காங்க என்று சொன்னது உள்ளே கேட்டது.

அவள் சாயாவுக்குத் தண்ணீர் வைத்தபோது ஔசேப்பு வந்தார். தன் நாற்காலியை எடுத்துப் போக வந்தவர், அடுப்பெரிவதைக் கண்டு வாசலில் நின்றார். "மோளே, நல்ல சாயா ஒண்ணு கொடு. நேத்திலேர்ந்து தொண்டை காஞ்சு கிடக்கு."

பின்ஸி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு குழாயைக் காட்டினாள்.

"கையைக் கழுவுங்க பேரப்பா."

"எனக்கு இடுப்பு..."

"இடுப்பை நான் பிடிக்கிறேன், உங்களுக்குத் தோள்தான். ராதாமணி சேச்சி சொல்லித் தருவாங்க. எனக்கும் இப்பதான் சொல்லித் தந்தாங்க."

ஔசேப்பு பிரிஜீத்தாவைப் பார்த்தார். அவள் அவருடைய ஈட்டிமர நாற்காலியில் வசதியாக உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கிற எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை. அவர் குழாயடிக்குப் போனார். சோப்பு எங்கே என்று முணுமுணுத்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து கட்டிலருகே நின்றார்.

"கழுத்துல பிடிக்காதீங்க, தோள்ல" என்றான் டோமிச்சன். "பயப்படாதீங்க, நான் கடிக்க மாட்டேன்."

மூன்று எண்ணித் திருப்பினார்கள். தலையணையைப் பின்ஸி வைத்தாள். ராதாமணி அதை எடுத்து இரண்டு விரல் கீழே இறக்கி வைத்தாள். பின்ஸி அதைப் பார்த்துக்கொண்டாள்.

ஔசேப்பு ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். "சர்க்கரை போடலியா?"

"போட்டிருக்கு. இந்த வீட்டுல அவ்வளவுதான்" என்றாள் பின்ஸி. ஷுக்கூரின் ஆட்டோ சத்தம் கேட்டது. அவள் இன்னொரு செம்புத் தண்ணீரை அடுப்பிலிருந்த பாத்திரத்தில் ஊற்றினாள்.